ஸ்டே கம்பியும் பாய்மரமும்: சின்னப் படகுக்குச் சுருதி சேர்ப்பது

கள்ளக்குறிச்சிக்காரன் ஒருவன் பாய்மரப் படகு பற்றிப் பேச வந்தால் முதலில் சிரிப்புதான் வரும். எங்கள் மாவட்டத்தில் கடல் கிடையாது. 2019 நவம்பர் வரைக்கும் விழுப்புரம் மாவட்டத்தோடு இருந்தோம். மரக்காணம் புண்ணியத்தில் நாங்களும் கடற்கரை மாவட்டத்துக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். பிரித்தார்கள், கலெக்டர் ஆபீஸ் வந்தது, கடல் போய்விட்டது. ஆனால் கல்வராயன் மலையில் பிறக்கிற கோமுகி, மணிமுக்தா ஆற்றில் சேர்ந்து, அது வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போய்விடுகிறது. அந்தத் தண்ணீர் மாதிரி நானும் கடலுக்குப் போனவன்தான். சென்னைத் துறைமுகத்துக்குள் சின்னப் படகு ஓட்டக் கற்றுக்கொண்டு, இப்போது சில வருஷமாகப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

பாயைப் பற்றிப் பேசின எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்விகளில் அதிகம் பேர் கேட்டது ஒன்றுதான். "பாய்மரத்தை நிறுத்தியாச்சு. கம்பிகளை எவ்வளவு இறுக்கணும்?" இன்றைக்கு முழுக்க அதைத்தான் பேசப்போகிறேன். ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது, ஏன் முடியாது என்பதுதான் விஷயமே.

முதலில் எந்தப் படகு என்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் ஆரம்பத்தில் ஓட்டுகிற ஆப்டிமிஸ்ட்டில் கம்பியே இல்லை. டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் நம்ம சென்னைப் பெண் நேத்ரா குமணன் ஓட்டிய படகிலும், அதாவது முன்பு லேசர் ரேடியல் என்று சொன்ன ஐஎல்சிஏ 6 படகிலும், ஒரு கம்பிகூடக் கிடையாது. இரண்டு துண்டுக் குழாயை ஒன்றில் ஒன்று செருகி, படகின் மேல்தட்டில் இருக்கிற குழிக்குள் நட்டுவிட்டால் பாய்மரம் நின்றுவிடும். அதில் சுருதி சேர்ப்பது எல்லாம் கயிற்றில்தான். ஆனால் அதே டோக்கியோவில் கே.சி.கணபதியும் வருண் தக்கரும் ஓட்டிய 49இஆர் படகு வேறு ஜாதி. நீளம் 4.99 மீட்டர், அதனால்தான் அந்தப் பெயர். அதில் பாய்மரத்தைக் கம்பிகள்தான் பிடித்து நிறுத்துகின்றன. இருவரும் 2018 ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியதும் அந்தப் படகில்தான். அந்த மாதிரிப் படகில் இரண்டு பேரும் போட்டிக்கு முன்னால் கரையில் கம்பியோடு செலவழிக்கிற நேரத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும்.

நாம் எடுத்துக்கொள்ளப்போவது நடுவில் இருக்கிற ஒன்று, என்டர்பிரைஸ். ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-ல் வரைந்த படகு. 4 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம், இரண்டு பேர், வழக்கமாக நீலப் பாய். என்.சி.சி. கடற்படைப் பிரிவில் இருந்தவர்கள் பலர் இதைத் தொட்டிருப்பீர்கள். பழைய வடிவம்தான். ஆனால் இதில் கற்றுக்கொண்டால் மற்ற எல்லாக் கம்பிப் படகுக்கும் கை பழகிவிடும்.

இப்போது கம்பிக்கு வருவோம். ஷ்ரவுட், ஃபோர்ஸ்டே என்றெல்லாம் சொன்னால் புதுசாக வருகிறவர்கள் மிரளுகிறார்கள். மிரள ஒன்றுமில்லை. உங்கள் தெருமுனையில் இருக்கிற மின்கம்பத்தைப் பாருங்கள். லைன் திரும்புகிற இடத்தில், இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஒரு கம்பி சாய்ந்து தரைக்குள் இறங்கும். ஸ்டே கம்பி. ஆட்டைக் கட்டாதே, மாட்டைக் கட்டாதே என்று மின்வாரியம் சொல்லிக்கொண்டே இருக்கும், நாமும் கட்டிக்கொண்டே இருப்போம். அதே ஸ்டேதான் இது. படகில் மூன்று. முன்னால் அணியத்துக்கு ஒன்று, அதுதான் ஃபோர்ஸ்டே. வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, அவை ஷ்ரவுட். பக்கக் கம்பிகள் பாய்மரத்தின் அடிக்கு நேராக இல்லாமல் ஒரு சாண் பின்னால் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். அதனால் பின்னாலும் கொஞ்சம் இழுக்கும். மூன்று கம்பியும் ஒன்றையொன்று எதிர்த்து இழுப்பதால்தான் மரம் நிற்கிறது. ஒன்று போனால் மூன்றும் போன மாதிரிதான்.

கல்லூரி என்.சி.சி.யில் இருந்து ஒரு முறை பயிற்சிக்கு வந்த பையன்களில் ஒருவன் வெள்ளிமலைக்காரன். அவன் அப்பா பந்தல் போடுகிறவர். படகைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்துவிட்டு அவன் கேட்டது: "அண்ணா, முளை இவ்ளோ பக்கத்துல இருந்தா கயிறு தாங்குமா?" இந்தக் கேள்வியை அதற்கு முன் என்னிடம் எந்த இன்ஜினியரிங் மாணவனும் கேட்டதில்லை. பந்தல் போடுகிறவர் வீட்டுப் பையன் கேட்டான். ஏனென்றால் பந்தக்கால் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தள்ளித்தான் முளை அடிக்க வேண்டும் என்பது அவனுக்குப் பால பாடம். இங்கே படகின் அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் இடம். தண்ணீரில் முளை அடிக்க முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பந்தக்கால் உயரத்துக்கே தள்ளி முளை அடித்தால், காற்று 40 கிலோ தள்ளும்போது கயிற்றில் ஏறுகிற இழுவை சுமார் 56 கிலோ. இப்போது படகு. கம்பி கட்டுகிற இடம் பாய்மரத்தில் இருந்து பக்கவாட்டில் 70 செ.மீ., கம்பி போய்ச் சேருகிற உயரம் 4.2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு ஆறு. காற்று அந்த உயரத்தில் 40 கிலோ பக்கவாட்டில் தள்ளினால், கம்பியில் ஏறுவது கிட்டத்தட்ட 240 கிலோ. அது அப்படியே பாய்மரத்தின் அடியில் கீழ்நோக்கி அமுக்கும். முன்கம்பியின் இழுவையும் சேரும்போது இன்னும் மேலே போகும். ஒரு சின்னப் படகின் அடித்தட்டில் உள்ளங்கை அளவு இடத்தில் மூன்று நான்கு பேர் ஏறி நிற்கிற பாரம்.

கம்பி தாங்கும். 3 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, 19 இழை முறுக்கினது, சுமார் 700 கிலோ வரை அறாது. அதனால் கம்பியைப் பற்றி எனக்கு அவ்வளவு பயம் இல்லை. கம்பி போய் மாட்டுகிற இடங்களைப் பற்றித்தான் பயம். அடித்தட்டு, பக்கத்தில் இருக்கிற தகடு, தகட்டைப் பிடிக்கிற போல்ட், போல்ட்டுக்குப் பின்னால் ஊறிப்போன மரம். நம் ஊரில் பயிற்சிக்குக் கிடைக்கிற படகு பெரும்பாலும் வயசான படகு. யாரோ ஒரு வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு, அதில் சொன்ன எண்ணுக்கு இதையும் இறுக்கினால், படகின் நடு கீழே இறங்கி விளிம்பு இரண்டும் மேலே வரும். உடம்பே வளைந்துவிடும். இறுக்க இறுக்கக் கம்பி இறுகாமல் நெம்புகோல் மட்டும் வந்துகொண்டே இருந்தால் நிறுத்துங்கள். இறுகுவது கம்பி இல்லை, படகு மடங்குகிறது.

சரி, கரையில் செய்கிற வேலை. ஆனால் மரத்தைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மேலே பாருங்கள். 2022 ஏப்ரல் 27 விடியற்காலையில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்துபோனார்கள். அலுமினியப் பாய்மரமும், கார்பன் பாய்மரமும் மின்சாரத்தைக் கடத்தும். இழுவண்டியில் ஏற்றின படகில் மரத்தை நிறுத்தினால் முனை 7 மீட்டர் உயரத்துக்குப் போகலாம். படகைத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு போகிற வழி முழுக்க ஒருவர் முன்னால் நடந்துபோய் மேலே பார்த்துவிட்டு வரட்டும். எங்களிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பதற்கு முன்னால் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறோம். இடி இறங்குகிற சித்திரை மாலையிலும் அதே எச்சரிக்கைதான்.

மரம் இன்னும் படுத்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டியதைப் பாருங்கள். கம்பி முழுக்க ஒரு பழைய துணியால் உருவிவிடுங்கள். இழை அறுந்திருந்தால் துணி மாட்டும். கையால் உருவாதீர்கள், கிழித்துவிடும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிடுங்கள், அடுத்த வாரம் பார்க்கலாம் என்பது இதில் இல்லை. ரிவெட் அடித்த இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா பாருங்கள். எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். அப்புறம் இரண்டு பக்கக் கம்பியையும் மரத்தோடு சேர்த்து ஒன்றாக இழுத்துப் பிடித்து, நுனி இரண்டும் ஒரே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். கம்பிகள் ஒரே கடையில் ஒரே நாள் வாங்கினதாக இருந்தாலும் இதைச் செய்யுங்கள்.

இனி நிறுத்தலாம். நிறுத்தினதும் எல்லோரும் செய்கிற காரியம், பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு "நேராத்தான் இருக்கு" என்பது. தரையே சரிவாக இருக்கும்போது கண்ணை நம்ப முடியாது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆசாரிகளிடம் போய்க் கண்ணால் பார்த்தே நேராக இருக்கிறது என்று சொல்லிப்பாருங்கள். தூக்குக்குண்டை எடுத்துக் காட்டுவார்கள். படகில் தூக்குக்குண்டுக்குப் பதிலாக டேப். பாயை மேலே ஏற்றுகிற கயிற்றின் நுனியில் டேப்பைக் கட்டி உச்சிக்கு ஏற்றுங்கள். கயிற்றை அங்கேயே இறுக்கிக் கட்டிவிட்டு, டேப்பின் கீழ் முனையை வலப்பக்கக் கம்பித் தகட்டுக்கு இழுத்து அளவு எடுங்கள். அப்படியே இடப்பக்கம். இரண்டும் ஒன்றாக இருந்தால் மரம் நடுவில் நிற்கிறது. 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் தகட்டுத் துளையை மாற்றி மாட்டுங்கள். தகடே ஒரு பக்கம் முன்னால் பின்னால் அடிக்கப்பட்ட படகுகளும் உண்டு. அதற்காக அணியத்தின் நுனியில் இருந்து இரண்டு தகட்டுக்கும் உள்ள தூரத்தை ஒரே ஒருமுறை அளந்து குறித்துவையுங்கள்.

அடுத்தது சாய்வு. இங்கே இரண்டு சொல்லைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாய்வு வேறு, வளைவு வேறு. மரம் நேராக இருந்துகொண்டே பின்னால் சாயலாம். சாயாமலே வில் மாதிரி வளையலாம். இரண்டுக்கும் வேலை வேறு.

சாய்வு, படகு எந்தப் பக்கம் திரும்ப நினைக்கிறது என்பதை முடிவு செய்கிறது. மரம் பின்னால் சாயச் சாய, காற்று பாயைத் தள்ளுகிற மையம் பின்னால் போகும். அப்போது படகின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும். சுக்கான் பிடி கையை இழுக்கும். கொஞ்சம் இழுப்பது நல்லது. கையை விட்டால் படகு காற்றை நோக்கித் திரும்பி நின்றுவிடும், பாதுகாப்பு. அதிகம் இழுத்தால் நீங்கள் சுக்கானைக் குறுக்கே பிடித்துக்கொண்டு தண்ணீரில் பிரேக் போட்டபடியே போகிறீர்கள் என்று அர்த்தம். இழுப்பே இல்லை, அல்லது எதிர்ப்பக்கம் தள்ளுகிறது என்றால் மரம் முன்னால் போய்விட்டது, அது ஆபத்து. உச்சியில் கட்டின அதே டேப்பைப் படகின் பின்பலகையின் மேல் நடுவுக்கு இழுத்தால் வருகிற அளவுதான் சாய்வின் அளவு. எண் எவ்வளவு என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு பாய் தைக்கிறவரும் தன் பாய்க்கு ஒரு அளவு கொடுப்பார், அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

ஒன்று முக்கியம். இந்த அளவை எடுக்கும்போது முன்பாய், அதாவது ஜிப், ஏற்றி இறுக்கப்பட்டிருக்க வேண்டும். என்டர்பிரைஸ் மாதிரிப் படகில் ஜிப்பின் முன் விளிம்புக்குள் ஒரு கம்பி ஓடுகிறது. ஜிப்பை ஏற்றுகிற கயிற்றை நெம்புகோலால் இறுக்கினால் அந்தக் கம்பிதான் மரத்தை முன்னால் இழுத்துப் பிடிக்கிறது. உண்மையான ஃபோர்ஸ்டே தொளதொளவென்று தொங்கிப்போகும். தொங்கட்டும், அது அப்படித்தான். ஆக ஒரு நெம்புகோல், மூன்று கம்பியும் சேர்ந்து இறுகும். ஜிப் இல்லாமல் அளந்த அளவு கரையில் மட்டும்தான் உண்மை.

வளைவுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பாய் தட்டையான துணி இல்லை. தொப்பையோடு தைக்கிறார்கள். அந்தத் தொப்பையில் ஒரு பகுதி, பாயின் முன் விளிம்பை நேராக வெட்டாமல் வெளிப்பக்கம் வளைத்து வெட்டுவதால் வருகிறது. அந்த வளைந்த விளிம்பை நேரான மரத்தில் மாட்டினால், மிச்சத் துணி எல்லாம் பாய்க்குள் தள்ளப்பட்டுத் தொப்பை கூடும். மரத்தை வளைத்தால் அந்த மிச்சத் துணியை வளைவு எடுத்துக்கொள்ளும், தொப்பை குறையும். மரத்தின் வளைவும் பாயின் வெட்டும் மாப்பிள்ளை பெண் மாதிரி. பொருந்தி வரவேண்டும். பொருந்தவில்லை என்றால் எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

காற்று கூடினால் தொப்பை வேண்டாம். ஏன்? காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடியாக ஏறும். 8 நாட் காற்று 16 நாட் ஆனால் தள்ளுவது இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. படகில் இருக்கிற இரண்டு பேரின் எடை நான்கு மடங்காகாது. அதனால் பாய்க்கு வருகிற சக்தியைக் குறைத்துத்தான் ஆகவேண்டும். மரத்தை வளைத்தால் பாய் தட்டையாகும், மேல் பகுதி திறந்துகொண்டு காற்றை வழியவிடும். படகு சாயாமல் ஓடும்.

வளைக்கிறது யார்? பாதி உயரத்தில் இரண்டு பக்கமும் கை நீட்டின மாதிரி இருக்கிற ஸ்ப்ரெடர். கம்பி அதன் நுனி வழியாகப் போகிறது. அந்தக் கைகள் பின்பக்கமாகச் சாய்ந்திருந்தால், கம்பியை இறுக்கும்போது அது நேராகப் பார்க்கும். நேராகிற வேகத்தில் ஸ்ப்ரெடரை முன்னால் தள்ளும். மரத்தின் நடு முன்னால் போகும், உச்சி பின்னால் வரும். வில். பாய் ஏற்றாமலே, கரையிலேயே இந்த வளைவு கொஞ்சம் இருக்கவேண்டும். பார்ப்பது சுலபம். உச்சியில் இருந்து வருகிற கயிற்றை, கீழே பூம் மாட்டுகிற இடத்தில் மரத்தோடு ஒட்டி இறுக்கிப் பிடியுங்கள். நடுவில் கயிற்றுக்கும் மரத்துக்கும் இடைவெளி தெரியும். ஒரு சின்னப் படகுக்கு அது இரண்டு விரல் அளவு இருந்தால் ஆரம்பிக்கப் போதும்.

வளைவு அதிகமாகிவிட்டால் பாயே சொல்லிவிடும். பூமின் கடைசி முனையில் இருந்து மரத்தின் நடுப்பகுதியை நோக்கிக் குறுக்காகச் சுருக்கம் விழும். பலத்த காற்றில் அந்தச் சுருக்கம் லேசாக விழுந்தால் விடுங்கள். மெல்லிய காற்றில் விழுந்தால் மரம் வளைந்தது கூடுதல், ஸ்ப்ரெடரை முன்னால் கொண்டுவாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி, எவ்வளவு இறுக்க? டென்ஷன் பார்க்கிற ஒரு கருவி உண்டு, லூஸ் கேஜ் என்று பெயர். டைட் பார்க்கிற கருவிக்கு லூஸ் என்று பெயர். அது தயாரிக்கிற கம்பெனியின் பெயர், நம்ம ஊர் நக்கல் இல்லை. அதில் காட்டுகிற எண் கிலோ அல்ல. கம்பியின் தடிமனுக்குத் தகுந்தபடி கூடவே வருகிற அட்டவணையில் பார்த்துத்தான் கிலோவாக மாற்றமுடியும். ஆனால் எங்களுக்குக் கிலோ தேவைப்படுவதே அபூர்வம். நேற்று 18 காட்டியபோது படகு நன்றாக ஓடியது, இன்றைக்கும் 18 வைப்போம், அவ்வளவுதான் அதன் பயன். கருவி இல்லாதவர்கள் நெம்புகோலில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் கருவிதான்.

உண்மையான பதில் தண்ணீரில் இருக்கிறது. நடுத்தரக் காற்றில், காற்றை எதிர்த்து எவ்வளவு நெருங்கிப் போகமுடியுமோ அவ்வளவு நெருங்கி ஓட்டுங்கள். கூட இருப்பவர் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற, அதாவது சாய்கிற பக்கத்துக் கம்பியைப் பார்க்கட்டும். அந்தக் கம்பியில் அப்போது பாரம் இல்லை. அது அப்போதுதான் தளர ஆரம்பித்திருந்தால், விரலால் தள்ளினால் லேசாக அசைந்தால், இறுக்கம் சரி. ஊஞ்சல் மாதிரி ஆடினால் போதவில்லை. ஒவ்வொரு அலைக்கும் மரம் குதிக்கும், ஜிப்பின் முன் விளிம்பு பக்கவாட்டில் தொங்கிப்போகும், காற்றை நெருங்கவே முடியாது. அந்தக் கம்பியும் வீணைக் கம்பி மாதிரி விறைத்திருந்தால் தேவைக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். அந்தக் கூடுதல் இறுக்கம் முழுவதும் அடித்தட்டின் தலையில்தான் ஏறும்.

ட்யூனிங் என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் முறுக்குவதற்குப் போகிறார்கள். வீணைக்காரர் சுருதி சேர்க்கும்போது பாருங்கள். முறுக்குவார், தளர்த்துவார், மறுபடி கேட்பார். நம் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதுதான், தளர்த்தவும் கை வரவேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் இறுக்கம் அன்றன்றைய காற்றுக்குத்தான். சென்னையில் ஆனி, ஆடி மாதங்களில் காலையில் மேற்கில் இருந்து தரைக்காற்று வரும். சூடாக, திட்டுத்திட்டாக, துறைமுகத்துக் கட்டிடங்கள் மேல் மோதிச் சிதறி வரும். பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்கில் இருந்து நுழையும், அது ஒரே சீராக இருக்கும், அலையும் கூடவே வரும். காலைக்குச் சேர்த்த சுருதி பிற்பகலுக்கு ஆகாது. பல வகைப் படகுகளில் போட்டி ஆரம்பித்துவிட்டால் பக்கக் கம்பியைத் தொடக்கூடாது என்று விதி வேறு. ஆக, எந்தக் காற்று வரும் என்று கரையிலேயே முடிவு செய்துதான் இறங்கவேண்டும். கடற்காற்று எப்போது நுழையும் என்று மீனவர்களிடம் கேளுங்கள். ஆப் சொல்வதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், கேட்டதற்காக வருத்தப்பட மாட்டீர்கள்.

திட்டுக்காற்று எப்படி இருக்கும் என்று பார்க்க எங்கள் ஊர்க்காரர்கள் சென்னைக்கு வரவேண்டியதில்லை. கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி அணைக் கரையில் நில்லுங்கள். கல்வராயன் மலையில் இருந்து இறங்குகிற காற்று தண்ணீரின் மேல் கறுத்த திட்டாக ஓடிவரும். ஒன்று வந்து போகும், இடைவெளி, அடுத்தது வேறு கோணத்தில். அங்கே பாய்ப்படகு ஓடவில்லை, மீன்பிடிப்புதான். ஆனால் அந்தத் திட்டு எவ்வளவு நேரத்தில் கரைக்கு வருகிறது என்று பத்து நாள் பார்த்த பிள்ளைக்கு, படகில் உட்கார்ந்ததும் பாதி வேலை தெரிந்திருக்கும். இந்த மாதிரிக் காற்றில் மரத்தின் உச்சி கொஞ்சம் இளகி இருப்பது நல்லது. திட்டு அடிக்கும்போது உச்சி மடங்கிக் காற்றை விட்டுவிட்டு, மறுபடி நிமிர்ந்துகொள்ளும். கரையோரத் தென்னையைப் போலத்தான்.

மரம் எப்போது விழும் என்று பயந்து கேட்டிருந்தார் ஒருவர். பெருங்கடலில் அலையே உடைத்துவிடும். 2018 செப்டம்பரில் தெற்கு இந்தியப் பெருங்கடலில், தனியாக உலகைச் சுற்றிக்கொண்டிருந்த அபிலாஷ் டாமியின் படகு புயலில் புரண்டு பாய்மரம் முறிந்தது. முதுகில் பலத்த அடி. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று போய் மீட்டது. அதே மனிதர் அடுத்த பந்தயத்தில் இறங்கி 2023-ல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார் என்பது வேறு கதை. நம்ம அளவுப் படகில் கதை இவ்வளவு பெரியது இல்லை. ஒரு போட்டியில் என் கண் முன்னால் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த படகின் மரம் அப்படியே பக்கவாட்டில் படுத்தது. நல்ல காற்றுகூட இல்லை. கம்பி முழுசாக இருந்தது, தகடு முழுசாக இருந்தது. கம்பியைத் தகட்டோடு சேர்க்கிற ஆணியின் நுனியில் ஒரு சின்ன வளையம் போடுவோம், ஆணி கழன்றுவிடாமல் இருக்க. சாவிக்கொத்து வளையத்தில் கால்வாசி இருக்கும். ஜிப்பின் கயிறு அதில் மாட்டி உருவிவிட்டது. பூம் விழுந்தது கூட ஓட்டினவரின் தலைக்கு ஒரு சாண் தள்ளி. அதனால் ஒவ்வொரு வளையத்தின் மேலும் இன்சுலேஷன் டேப் சுற்றுங்கள். பத்து ரூபாய் டேப். ஒவ்வொரு முறையும் கழற்றிப் பார்த்து, புதுசாகச் சுற்றுங்கள். போன மாசம் சுற்றினது என்று விட்டுவிட்டால் உள்ளே வளையம் துருவாகி இருப்பது தெரியாது.

ஓட்டி முடித்து வந்ததும் நெம்புகோலைத் தளர்த்திவிடுங்கள், இரவெல்லாம் படகு அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் கழுவுங்கள். அப்புறம் நோட்டை எடுங்கள். தேதி, காற்று எங்கிருந்து எவ்வளவு, படகில் இருந்த இருவரின் எடை, சாய்வு அளவு, தகட்டில் எத்தனையாவது துளை, நெம்புகோல் எந்தக் கோட்டில், சாய்கிற பக்கத்துக் கம்பி எப்படி இருந்தது, படகு எப்படி ஓடியது. எட்டு வார்த்தை போதும். வெள்ளிமலைப் பையன் இதையெல்லாம் அவன் அப்பாவின் பந்தல் கணக்கு நோட்டு மாதிரியே கோடு போட்டு எழுதினான். அடுத்த முறை வேறு ஒரு படகைக் கொடுத்தபோது அவன் முதலில் கேட்டது அந்தப் படகின் நோட்டைத்தான். அப்படி ஒன்று இருக்கவில்லை, அன்றைக்கு அவனே ஆரம்பித்துவைத்தான்.

அடுத்த எபிசோடில் ஜிப்பின் கயிற்றை எங்கிருந்து இழுப்பது என்று பார்க்கலாம். உங்கள் படகின் கம்பி மாட்டுகிற இடங்களைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். வளையமும் டேப்பும் தெரிகிற மாதிரி.